ராங்கிக்காரி

அன்று வரலட்சுமி விரதம். வீட்டில் கலசம் வைத்து, பூஜை முடித்து, நோன்புச் சரடு கட்டிக்கொண்டு, கொஞ்சம் தாமதமாகத்தான் ஷூட்டிங்குக்கு வர முடியும் என்று கதாநாயகி கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். கடிதம் தயாரிப்பாளர் சக்ரபாணியின் கைக்குப் போய்ச் சேரவில்லை. கதாநாயகி செட்டுக்குள் நுழைந்தபோது வரவேற்றது கோபம்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் சக்ரபாணி. அதுதான் சொல்லி அனுப்பினேனே, மன்னிப்பு எதற்கு என்றார் கதாநாயகி. இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. அதுவரை எடுத்திருந்த நாலு ரீலையும் சக்ரபாணி கொளுத்திப்போட்டார் என்பது கோடம்பாக்கம் இன்றும் அலுக்காமல் சொல்லும் கதை. படம் ‘மிஸ்ஸம்மா’, தமிழில் ‘மிஸ்ஸியம்மா’. மேரியாக நடிக்கவிருந்தவர் பானுமதி. அவர் காரில் ஏறிப் போன பிறகு அந்த வேடம், அதே படத்தில் இரண்டாவது கதாநாயகியாக ஒப்பந்தமாகியிருந்த சாவித்திரிக்குப் போனது. சாவித்திரியின் இடத்துக்கு ஜமுனா வந்தார். 1955-ல் படம் வெளியானது. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. கதைப்படி அந்த மேரி, சின்ன வயதில் கோயில் கூட்டத்தில் தொலைந்துபோன பெண். அவளுடைய சொந்தப் பெயர் மகாலட்சுமி. மகாலட்சுமியாக நடிக்க வேண்டியவர் லட்சுமி பூஜைக்காகத் தாமதமாகி, அந்த மகாலட்சுமியையே இழந்தார்.

எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ பத்தாவது முறையாகவோ பதினோராவது முறையாகவோ ஓடியபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பத்தா திரையில் மார்ஜியானா வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, “சரியான ராங்கிக்காரிடா இவ” என்றாள். அது திட்டு இல்லை. அப்பத்தாவின் வாயில் அந்த வார்த்தைக்குத் திமிர் என்றும் அர்த்தம், தைரியம் என்றும் அர்த்தம், எனக்கு வராமல் போன ஒன்று இவளுக்கு வாய்த்திருக்கிறது என்கிற ஏக்கமும் அதில் உண்டு. மணல் குவித்து உட்கார்ந்து பார்த்த அந்தப் படத்தில் எம்.ஜி.ஆரை ரசித்தது நான். அப்பத்தா பார்த்தது பானுமதியை.

2025 செப்டம்பர் 7-ஆம் தேதி பானுமதிக்கு நூறு வயது நிறைந்தது. நூற்றாண்டை ஒட்டி எழுதுகிறவர்கள் பலரும் அவரை ‘அஷ்டாவதானி’ என்கிறார்கள். நடிகை, பாடகி, தயாரிப்பாளர், இயக்குநர், இசையமைப்பாளர், எழுத்தாளர், ஸ்டுடியோ முதலாளி, ஜோதிடத்தில் ஈடுபாடு என்று விரல் விட்டு எண்ணிவிட்டு, கடைசியில் தவறாமல் ‘கர்வம் உள்ளவர்’ என்று ஒரு வரி சேர்க்கிறார்கள். எனக்கென்னவோ அந்தக் கடைசி வரியிலிருந்துதான் அவர் கதையைத் தொடங்க வேண்டும் என்று தோன்றுகிறது. சினிமாக்காரர்கள் எதைக் கர்வம் என்றார்களோ, அது பெரும்பாலும் ஒரு டைரக்டரின் குணம். டைரக்டர் நாற்காலி கைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர் டைரக்ட் செய்யத் தொடங்கிவிட்டார்.

அப்பா போட்ட நிபந்தனை

ஓங்கோல் பக்கம் தொட்டவரம் என்கிற கிராமம். அப்பா பொம்மராஜு வெங்கட சுப்பையாவுக்கு சங்கீதமும் நாடகமும் உயிர். மகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தது கச்சேரி மேடையை நினைத்துத்தான். சினிமாவை நினைத்து அல்ல. டைரக்டர் சி.புல்லையா கண்ணில் பட்டதும் கதை மாறியது. 1939-ல் கல்கத்தாவில் தயாரான ‘வரவிக்ரயம்’ முதல் படம். பானுமதிக்கு அப்போது பதினாலு வயதுகூட நிரம்பவில்லை. என் மகளை எந்த ஆண் நடிகரும் தொட்டு நடிக்கக் கூடாது என்று அப்பா நிபந்தனை போட்டு அனுப்பினார்.

‘வரவிக்ரயம்’ என்றால் மாப்பிள்ளை வியாபாரம். வரதட்சணைக்கு எதிராகக் காள்ளகூரி நாராயண ராவ் எழுதிய பேர்போன தெலுங்கு நாடகம் அது. தன்னைக் கரையேற்றுவதற்காக அப்பா சொத்தை விற்பதைப் பொறுக்க மாட்டாமல் உயிரை விடும் காளிந்தியாக பானுமதி நடித்தார். தங்கையாக வந்தவர் புஷ்பவல்லி. பிற்காலத்தில் இந்தித் திரையுலகை ஆண்ட ரேகாவின் அம்மா. சொந்த வாழ்க்கையில் எதற்கும் பணிந்துபோகாத ஒருவர், சினிமாவுக்குள் முதன்முதலில் வந்தது பணிய மறுத்துச் சாகிற பெண்ணாக.

1943-ல் ‘கிருஷ்ணப் பிரேமா’. அந்தப் படத்தில் உதவி டைரக்டராக இருந்த பி.எஸ்.ராமகிருஷ்ண ராவைப் பிடித்துப்போனது. அதே வருஷம் ஆகஸ்ட் 8-ஆம் தேதி கல்யாணம். நடிப்பை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடுவது என்று முடிவு. பானுமதிக்கே அதில் முழுச் சம்மதம் இருந்தது என்பதை நாம் நம்பத்தான் வேண்டும். அவருக்கு வேண்டாததை அவர் செய்ததாகச் சரித்திரம் இல்லை.

சமையலறையிலிருந்து மறுபடி அழைத்துவந்தவர் பி.என்.ரெட்டி. ‘ஸ்வர்க்க சீமா’ படத்தில் நடிக்க வேண்டும் என்று வீட்டுக்கே வந்து கேட்டார். இந்த ஒரு படம் மட்டும் என்று சொல்லித்தான் கணவர் அனுப்பிவைத்தார். அந்த ஒரு படம் அரை நூற்றாண்டு நீண்டது.

புறாவுக்கு ஒரு ஸ்பானிய முனகல்

‘ஸ்வர்க்க சீமா’ 1945-ல் வந்தது. தெருவில் ஆடிப் பாடிப் பிழைக்கும் சுப்பி என்கிற பெண், நாடக மேடையின் சுஜாதா தேவியாக உயர்ந்து, நாகையா நடித்த கதாநாயகனை அவர் குடும்பத்திலிருந்து பிரித்துக்கொண்டுபோகிறாள். அதில் புறாவைப் பார்த்து அவள் பாடும் பாட்டு ஒன்று இருக்கிறது. ஆந்திரத்தில் அந்த நாளில் அதை முணுமுணுக்காத வாய் இல்லை.

அந்தப் பாட்டு பிறந்த விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். அந்தச் சமயத்தில் பானுமதி, ரீட்டா ஹேவொர்த் நடித்த ‘பிளட் அண்ட் சாண்ட்’ என்கிற ஹாலிவுட் படத்தைப் பார்த்தார். ஸ்பெயின் நாட்டுக் காளைச்சண்டை வீரன் ஒருவனை மயக்குகிற பெண்ணின் கதை. அதில் ஒரு பாட்டுக்கு நடுவே வார்த்தை இல்லாமல், தொண்டையின் அடியிலிருந்து எழுந்து நெளிந்து அடங்கும் ஒரு முனகல் வரும். அது பானுமதியின் காதில் ஒட்டிக்கொண்டது. தன் படத்து மயக்குக்காரிக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று தோன்றியது. பாலாந்திரபு ரஜனிகாந்த ராவின் தெலுங்குப் பாட்டுக்குள் அந்த ஸ்பானிய முனகல் அவர் குரலில் வந்து உட்கார்ந்துகொண்டது. கர்நாடக சங்கீதம் படித்த தொண்டை என்பதால் இரவல் வாங்கியது இரவலாகத் தெரியவில்லை.

இருபது வயதுகூட ஆகாத ஒரு நடிகை, என் பாத்திரம் எப்படி மூச்சு விட வேண்டும் என்று தானே யோசித்து, வேறு தேசத்துப் படத்திலிருந்து அதற்கு வழி கண்டுபிடித்து, சங்கீதக்காரர்களையும் டைரக்டரையும் ஒப்புக்கொள்ள வைக்கிறார். இந்த வேலைக்கு என்ன பெயர் சொல்வது?

பின்னணிப் பாடகிகளின் காலம் வந்து, கதாநாயகிகள் வாயை மட்டும் அசைத்தால் போதும் என்றான பிறகும், பானுமதி தன் பாட்டைத் தானே பாடுவதை விடவில்லை. இது வெறும் பிடிவாதம் இல்லை. அவர் பேசும் குரலும் பாடும் குரலும் ஒன்றே என்பதால், வசனம் எங்கே முடிந்தது, பாட்டு எங்கே தொடங்கியது என்கிற தையல் தெரியாது. லேசாகத் தெலுங்கு வாடை அடிக்கும் தமிழ். கொஞ்சம் மூக்கில் ஏறி, கொஞ்சம் கரகரத்து, கேலி ஒளிந்திருக்கும் குரல். சுத்தமான இனிமை வேண்டுமென்றால் பி.லீலாவையும் சுசீலாவையும் கேட்கலாம். அந்தக் கேலிக்கு பானுமதியைத்தான் கேட்க வேண்டும்.

மூன்று மொழி, ஒரு நாற்காலி

கணவனும் மனைவியுமாக ‘பரணி பிக்சர்ஸ்’ கம்பெனியைத் தொடங்கினார்கள். பரணி அவர்களுடைய மகனின் பெயர். பிறகு சாலிகிராமத்தில் பரணி ஸ்டுடியோ எழுந்தது. ‘ரத்னமாலா’, ‘லைலா மஜ்னு’, ‘பிரேமா’ என்று கணவர் டைரக்ட் செய்ய இவர் நடித்தார். இடையே தமிழிலும் காலூன்றினார். தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ 1948-ல் முதல் தமிழ்ப் படம். அடுத்த வருஷம் ஜெமினியின் ‘அபூர்வ சகோதரர்கள்’.

1951-ல் வந்த ‘மல்லீஸ்வரி’யைச் சொல்லாமல் தாண்ட முடியாது. மழைக்கு ஒதுங்கிய மண்டபத்தில் மல்லீஸ்வரி ஆடுகிறாள். மாறுவேடத்தில் கிருஷ்ணதேவராயர் பார்த்துக்கொண்டிருக்கிறார். யாரென்று தெரியாமல் அவளுடைய மாமன் நாகராஜு, இவளை ராணிவாசத்துக்குப் பல்லக்கு அனுப்பிக் கூட்டிப்போகச் சொல்லுங்களேன் என்று விளையாட்டாகச் சொல்லிவைக்கிறான். பல்லக்கு நிஜமாகவே வந்து நிற்கிறது. அந்தப் பல்லக்கைப் பார்க்கும்போது பானுமதி ஒன்றும் பெரிதாக நடிப்பதில்லை. முகத்தில் இருந்த குறும்பு மட்டும் வடிந்துபோகிறது. அவ்வளவுதான்.

1953-ல் ‘சண்டிராணி’. தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழிகளில். கதாநாயகன் என்.டி.ராமராவ். பானுமதிக்கு இரட்டை வேடம். பாட்டு அவருடையது, கம்பெனி அவருடையது. டைட்டிலில் டைரக்‌ஷன் என்கிற இடத்திலும் அவர் பெயர்தான். முப்பது வயதுகூட ஆகவில்லை. தெலுங்கில் ஒரு பெண் டைரக்ட் செய்த முதல் படம் இதுதான் என்பது திரைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். தமிழுக்கு முதல் இல்லை. 1936-லேயே டி.பி.ராஜலக்ஷ்மி ‘மிஸ் கமலா’வை எடுத்துவிட்டார். இந்தியாவுக்கு முதல் என்றால் 1926-ல் பம்பாயில் ஃபாத்மா பேகம்.

மும்மொழிப் படம் என்பது இன்றைக்கு ‘பான் இந்தியா’ என்கிறார்களே, அந்த மாதிரி ஒரு மொழியில் எடுத்து மற்றதில் டப் செய்கிற வேலை இல்லை. ஒரே செட்டில், ஒரே லைட்டிங்கில், ஒரு மொழிக்கு எடுத்த ஷாட்டை அடுத்த மொழிக்கு மறுபடி எடுக்க வேண்டும். வசனம் மாறும், உதட்டசைவு மாறும், சிரிப்பு நடிகர்கள்கூட மாறுவார்கள். டைரக்டரே இரட்டை வேடத்தில் கதாநாயகியாகவும் இருந்தால், கேமராவுக்கு முன்னால் இரண்டு முறை, பின்னால் ஒரு முறை என்று ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று பேராக இருக்க வேண்டும். அதையும் மூன்று மொழியால் பெருக்கிக்கொள்ளுங்கள். போதாததற்கு இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமன் 1952-ல் பாதி வேலையில் காலமாகிவிட்டார். அவரிடம் உதவியாளராக இருந்த இளைஞர் ஒருவர் மிச்சத்தை முடித்துக்கொடுத்தார். அவர் பெயர் எம்.எஸ்.விஸ்வநாதன்.

நேர்மையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘சண்டிராணி’ மகத்தான படம் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து ராஜா ராணிப் படங்களில் ஒன்று. கத்திச் சண்டை, சதி, அரண்மனை, காடு. பின்னாளில் அவர் டைரக்ட் செய்த ‘அந்தா மன மஞ்சிகே’, தமிழில் 1975-ல் வந்த ‘இப்படியும் ஒரு பெண்’, முழுக்கக் குழந்தைகளையே நடிக்கவைத்து 1982-ல் எடுத்த ‘பக்த துருவ மார்க்கண்டேயா’ எதையும் ‘மல்லீஸ்வரி’ பக்கத்தில் வைக்க முடியாது. டைரக்டர் பானுமதி, நடிகை பானுமதியின் தோளுயரம்தான். நூற்றாண்டு மலர்களில் இதை எழுத மாட்டார்கள். எழுதினால் தப்பில்லை என்று நினைக்கிறேன். சுமாரான படம் எடுக்கிற உரிமையும் ஆண்களுக்கு மட்டும் சொந்தமாக இருந்த ஒன்றுதானே?

இன்னொரு விஷயத்தையும் பாருங்கள். பானுமதி பெரும்பாலும் டைரக்ட் செய்தது தன் சொந்தக் கம்பெனிப் படங்களை. ராஜலக்ஷ்மி ‘மிஸ் கமலா’வை எடுத்தது சொந்தமாக நடத்திய ஸ்ரீராஜம் டாக்கீஸில். 1968-ல் சாவித்திரி ‘சின்னாரி பாப்பலு’வை டைரக்ட் செய்தபோது தயாரித்தவர்களும் பெண்கள், தமிழில் சொந்தமாக ‘பிராப்தம்’ எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார். நாற்பதுக்கும் மேலான படங்களை டைரக்ட் செய்து கின்னஸில் இடம்பிடித்த விஜய நிர்மலாவுக்கும் கணவர் கிருஷ்ணாவோடு சேர்ந்த குடும்பக் கம்பெனி இருந்தது. அந்த நாளில் ஒரு நடிகை டைரக்டராக வேண்டுமென்றால் முதலில் முதலாளியாக வேண்டும். அடுத்தவர் பணத்தை நம்பி ஒரு பெண்ணிடம் மெகாஃபோனைக் கொடுக்க ஆள் இல்லை. பானுமதியிடம் ஸ்டுடியோ இருந்தது. அதனால் நாற்காலி இருந்தது.

ஒரே ஃப்ளோரில் இரண்டு டைரக்டர்

தமிழில் அவருக்கு 1954-லிருந்து 1958 வரை உச்சம். ‘மலைக்கள்ளன்’, ‘மதுரை வீரன்’, ‘தாய்க்குப்பின் தாரம்’, ‘அலிபாபா’ எல்லாம் எம்.ஜி.ஆரோடு. ‘ரங்கோன் ராதா’, ‘அம்பிகாபதி’, ‘மக்களைப் பெற்ற மகராசி’ எல்லாம் சிவாஜியோடு. எம்.ஜி.ஆரை ஊரே ‘சின்னவர்’ என்று கும்பிட்டுக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் ‘மிஸ்டர் ராமச்சந்திரன்’ என்று கூப்பிட்டார் என்பார்கள்.

‘ரங்கோன் ராதா’ அண்ணா எழுதிய கதை, வசனம் கலைஞர். சொத்துக்காக மனைவிக்குப் பைத்தியப் பட்டம் கட்டுகிற கணவனாக சிவாஜி. இந்த மாதிரிக் கதையில் வேறு யாராவது நடித்திருந்தால் பாவம் பார்த்து அழுதிருப்போம். பானுமதி நடித்ததால் வேறு ஒன்று நடந்தது. இவ்வளவு புத்திசாலியான பெண்ணையே இப்படி நம்பவைக்க முடியுமா என்று பயம் வந்தது. அவரைப் பற்றி, ‘நடிப்புக்கு இலக்கணம் வகுத்தவர்’ என்று அண்ணா சொன்னது சும்மா மேடைப் பேச்சு இல்லை.

பிறகு ‘நாடோடி மன்னன்’. எம்.ஜி.ஆர் முதன்முதலாக டைரக்ட் செய்த படம். இருக்கிறதையெல்லாம் அடகு வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்த காட்சியையே திரும்பத் திரும்ப எடுத்தார். திருப்தி இல்லையென்றால் மறுபடியும். அது அவருக்கு உயிர்ப் பிரச்சினை. பானுமதிக்கோ, எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று டைரக்டர் சொல்லித் தெரிய வேண்டிய நிலை இல்லை; ஐந்து வருஷம் முன்னாலேயே அந்த நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மொழிப் படத்தை முடித்தவர். ஒரே ஃப்ளோரில் இரண்டு டைரக்டர். என்ன நடக்குமோ அது நடந்தது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் நடித்த மதனா பாத்திரத்தைப் பாதிப் படத்தில் சாகடித்துக் கதையை நகர்த்தினார் எம்.ஜி.ஆர். பின்பாதியில், கலரில் வந்த சரோஜாதேவி உச்சத்துக்குப் போனார்.

‘மிஸ்ஸியம்மா’விலிருந்து வெளியேறியபோது சாவித்திரி. ‘நாடோடி மன்னன்’ என்றால் சரோஜாதேவி. இவர் கதவைச் சாத்திவிட்டுப் போன இரண்டு வீட்டிலும் புதிதாக ஒரு விளக்கு எரிந்தது. நல்ல நடிகை ஒருத்தி கிடைத்தாளே என்று ‘மிஸ்ஸியம்மா’ பற்றிப் பின்னாளில் பெருந்தன்மையாகவே பேசினார் பானுமதி.

இந்தக் கதைகளைச் சினிமாக்காரர்கள் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். நாலு ரீலை எரித்த சக்ரபாணி ‘கண்டிப்பானவர்’. விடாமல் ரீடேக் வாங்கிய எம்.ஜி.ஆர் ‘தொழில் பக்தி உள்ளவர்’. எழுந்து போன பானுமதி ‘திமிர் பிடித்தவர்’. மூன்று பேரும் செய்தது ஒன்றுதான்: என் வேலை எனக்குத் தெரியும் என்றார்கள்.

ஆனால் அந்தச் சண்டைகள் இன்றைய ட்விட்டர் சண்டை மாதிரி ஆயுசுக்கும் நிற்கவில்லை. 1963-ல் ‘கலை அரசி’, ‘காஞ்சித் தலைவன்’ இரண்டிலும் எம்.ஜி.ஆரும் பானுமதியும் சேர்ந்து நடித்தார்கள். ‘கலை அரசி’யில் வேற்றுக் கிரகத்திலிருந்து ஆள் வந்து பானுமதியைக் கடத்திக்கொண்டுபோகிறான், அங்கே உள்ளவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். காலம் இன்னொரு விளையாட்டும் விளையாடியது. 1985-ல் சென்னையில் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரிக்குப் பானுமதி தலைமைப் பொறுப்பேற்றார். அப்போது முதலமைச்சர் அதே மிஸ்டர் ராமச்சந்திரன். மூன்று வருஷம், பிராடி மாளிகையில், வேற்றுக் கிரகத்தில் செய்த வேலையைப் பூமியில் செய்தார்.

ஊறுகாய் ஜாடிக்குள் ஒரு இலக்கியம்

என்னைக் கேட்டால் டைரக்டர் பானுமதியின் சிறந்த படைப்பு திரையில் இல்லை. ‘அத்தகாரி கதலு’ என்று தெலுங்கில் அவர் எழுதிய மாமியார் கதைகள்தான் அது. சிரிப்புக் கதைகள். சொல்கிறவள் மருமகள். கதாநாயகி மாமியார்.

மாமியார் என்றால் சூட்டுக்கோலோடு நிற்கும் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். மடி, ஆசாரம், ஆவக்காய் ஊறுகாய் என்று தனக்கென ஒரு ராஜ்ஜியம் நடத்துகிற வெகுளியான அம்மாள். யாராவது இரண்டு வார்த்தை புகழ்ந்தால் ஏமாந்துபோவாள். மருமகள் முன்கூட்டியே எச்சரித்தால் மட்டும் கேட்க மாட்டாள். மருமகள் வாயை மூடிக்கொண்டு, ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறாள். அந்த ஓரம்தான் கேமரா இருக்கும் இடம். எந்த நேரத்தில் யார் உள்ளே வர வேண்டும், எந்த வார்த்தையில் காட்சியை வெட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கதைகளில் கச்சிதம். ராஜா ராணிப் படத்தில் கிடைக்காத சுதந்திரம் சமையலறையில் கிடைத்தது போலிருக்கிறது. ஆந்திரப் பிரதேச சாகித்திய அகாதமி அவற்றுக்குப் பரிசு கொடுத்தது. தன் வாழ்க்கையை எழுதிய ‘நாலோ நேனு’வுக்கு, சினிமா பற்றிய சிறந்த நூல் என்று தேசிய விருது கிடைத்தது. 1966-ல் பத்மஸ்ரீ, 2001-ல் பத்மபூஷண்.

திரையிலும் வயதுக்கேற்ற வேடத்துக்கு மாறத் தயங்கவில்லை. 1962-ல் ஏவி.எம்மின் ‘அன்னை’. குழந்தை இல்லாத அக்கா, தங்கை பெற்ற பிள்ளையை வளர்க்கிறாள். உண்மை தெரிந்தால் பையன் தன்னை விட்டுப் போய்விடுவானோ என்று எல்லோரிடமும் எரிந்து விழுகிறாள். பாசம் எங்கே முடிகிறது, ஆக்கிரமிப்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாத வேடம். நல்ல அம்மாக்களை நம் சினிமா ஆயிரம் காட்டியிருக்கிறது; பயந்துபோன அம்மாவை இந்த அளவுக்கு யாரும் காட்டவில்லை. 1984-ல் ‘மண் வாசனை’யைத் தெலுங்கில் ‘மங்கம்மகாரி மனவடு’ என்று எடுத்தபோது அந்த மங்கம்மா பாட்டி இவர்தான். தமிழில் இன்றைய நடுவயதுக்காரர்களுக்கு அவரைத் தெரிவது 1992-ல் வந்த ‘செம்பருத்தி’ பாட்டியாக. பேரன் பிரசாந்த். அறுபதைத் தாண்டிய வயதில் இளையராஜா இசையில் அந்தப் படத்தில் பாடவும் செய்தார். இரவல் குரல் அப்போதும் இல்லை.

2005 டிசம்பர் 24-ஆம் தேதி சென்னையில், 80 வயதில் காலமானார். எம்.ஜி.ஆர் மறைந்ததும் ஒரு டிசம்பர் 24-ல்தான்.

நடிகையின் கதை என்றால் நமக்குக் கண்ணீர் வேண்டும். வாழ்ந்து கெட்டவர்களின் கதையைத் திரும்பத் திரும்பப் படிப்போம், படமாகவும் எடுப்போம். சாவித்திரியின் கதை 2018-ல் படமாகி ஊரே அழுதது. பானுமதி கணக்கு வழக்கைத் தன் கையில் வைத்திருந்தார், ஸ்டுடியோ வைத்திருந்தார், மகனை டாக்டராக்கினார், கடைசி வரை சொந்த வீட்டில் கௌரவமாக இருந்தார். அழுவதற்கு அதில் இடமே இல்லை. அவர் கதையை யாரும் படமாக எடுக்காததற்கு இதுவே காரணம் என்பது என் கட்சி.

நூற்றாண்டுக்குச் சிலை வேண்டாம், தபால்தலைகூட வேண்டாம். அவர் தலைமை வகித்த இசைக் கல்லூரி சென்னையில்தான் இருக்கிறது. ஃபிலிம் சொசைட்டிகள் இருக்கின்றன, தமிழில் படமெடுக்கும் பெண் இயக்குநர்களும் இன்று கணிசமாக இருக்கிறார்கள். யாராவது முயற்சி எடுத்து, ‘சண்டிராணி’யை ஒரே ஒரு மாலை பெரிய திரையில் போடுங்கள். நல்ல பிரிண்ட் தேடிப் பிடியுங்கள். படம் சுமார்தான் என்று நானே சொல்லிவிட்டேன், பரவாயில்லை. டைட்டிலில் ‘டைரக்‌ஷன்’ என்று வருகிற இடத்தில் கைதட்ட அப்பத்தா இல்லை, நான் வருகிறேன். டிக்கெட் எடுத்துக்கொண்டே வருகிறேன்.